எந்த நர்ஸிங் ஹோம் நல்லது? ராத்திரி 2 மணியை வைத்து எடை போடுங்கள்!

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு நர்ஸிங் ஹோம் போர்டு கண்ணில் படும். பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு என்று வரிசையாக இருக்கின்றன. ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கன்னடப் போர்டுகள் ஆரம்பித்துவிடும்.

1970-களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் வந்தன. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. வேலை தேடி வந்தவர்களில் பலருக்கு இது சொந்த ஊர் அல்ல. சொந்த ஊராக இருந்தால் அத்தை சொல்வார், மாமா சொல்வார், "அந்த டாக்டரிடம் போ" என்று. இங்கே யாரைக் கேட்பது?

அதனால் என்னிடம் கேட்கிறார்கள். "சார், என் வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாசம். நல்ல நர்ஸிங் ஹோமா ஒண்ணு சொல்லுங்க." "டாக்டரய்யா, அப்பாவுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. எங்க போகலாம்?" சித்த மருத்துவரிடம் இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்று நினைக்கலாம். எனக்கு அதில் கமிஷனும் இல்லை, போட்டியும் இல்லை. அதுதான் காரணம்.

நான் பெயர் சொல்வதில்லை. பிரசவத்துக்கு நல்லதாக இருக்கும் இடம் மாரடைப்புக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. போன வருஷம் நன்றாக இருந்த இடத்தில் இந்த வருஷம் அந்த டாக்டரே இல்லாமல் போகலாம். அதனால் பெயருக்குப் பதிலாக, ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைச் சொல்லித் தருகிறேன்.

நான்காவது ஆள்

திருக்குறளில் 95-ஆவது அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர் ஆகியவையே அந்த நான்கு. சித்த மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இது தெரியும்.

நர்ஸிங் ஹோம் தேடும்போது முதல் மூன்றைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம். டாக்டர் யார், எந்த ஊரில் படித்தார், என்ன மெஷின் இருக்கிறது, எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறோம். நான்காவது ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் நர்ஸிங் ஹோம் என்ற பெயரிலேயே நர்ஸ் இருக்கிறார்!

பெரிய டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ரவுண்ட்ஸ் வருவார். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் நிற்கலாம். மீதி நேரம் முழுவதும் நோயாளியின் உயிர் நான்காவது ஆளின் கையில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்குவதையும், ஆபரேஷன் ஆன இடத்தில் ரத்தம் கசிவதையும், மூச்சு வேகமாவதையும் முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

கட்டடம் ஏமாற்றும்

பளிங்குத் தரையும் கண்ணாடிக் கதவும் தரத்துக்கு அடையாளமா? ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒரே ஆஸ்பத்திரிதான். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ல் முதல் பிரிவில் 100 தாய்மாரில் 11 பேர் இறந்தார்கள். இரண்டாவது பிரிவில் 3 பேருக்கும் குறைவு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அழுது கெஞ்சினார்களாம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். 1847-ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் கட்டாயமாக்கினார். 1848-ல் முதல் பிரிவின் சாவு 100-க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

கட்டடம் மாறவில்லை. கை மட்டும்தான் சுத்தமானது!

ஆகவே ஆஸ்பத்திரிக்குள் போனதும் கூரையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும்முன் கை கழுவுகிறார்களா? வார்டிலேயே குழாயும் சோப்பும் அல்லது கிருமிநாசினித் திரவமும் இருக்கிறதா? குப்பைத் தொட்டிகளையும் பாருங்கள். 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுகளைப் பிரித்துப் போட வேண்டும். ஊசிகள், பிளேடுகள் குத்தாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். போட்ட ஊசி மேஜை மேல் கிடந்தால், நீங்கள் பார்க்காத இடங்கள் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?

2002-ல் அமெரிக்காவில் லிண்டா எய்கன் என்ற ஆய்வாளரின் குழு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது.

நம் நாட்டில் இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி, பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு வார்டில் எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் நர்ஸ் அல்ல. மூன்று மாதம், ஆறு மாதம் பயிற்சி எடுத்த பிள்ளைகளும் அதே உடுப்பில் நிற்பார்கள். "கவுன்சிலில் பதிவு செய்த ஸ்டாஃப் நர்ஸ் இந்த ஷிப்டில் எத்தனை பேர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல இடத்தில் கோபப்படாமல் பதில் சொல்வார்கள்.

ஷிப்ட் மாறும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். உங்கள் தொழிற்சாலையில் மெஷினை அடுத்த ஷிப்டிடம் எப்படி ஒப்படைக்கிறீர்கள்? என்ன ஓடியது, எங்கே கோளாறு, எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள் அல்லவா? நோயாளியையும் அப்படித்தான் ஒப்படைக்க வேண்டும். படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்லி, ஏட்டில் எழுதி ஒப்படைக்கும் இடம் நல்ல இடம். பையை மாட்டிக்கொண்டு "வரேன்க்கா" என்று போய்விடும் இடம், யோசிக்க வேண்டிய இடம்.

ராத்திரி யார் இருக்கிறார்?

பகல் 11 மணிக்கு எல்லா நர்ஸிங் ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். உண்மையான வித்தியாசம் ராத்திரி 2 மணிக்குத் தெரியும்.

முதல் கேள்வி, ட்யூட்டி டாக்டர் என்ன படித்தவர்? இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளில் ராத்திரி ட்யூட்டி பார்ப்பவர்களில் எங்கள் பி.எஸ்.எம்.எஸ். படித்த பிள்ளைகளும் உண்டு. புத்திசாலிகள், பொறுப்பானவர்கள். ஆனால் அவர்கள் கற்றது சித்த மருத்துவம். திடீரென்று மூச்சுக்குழாயில் டியூப் போடவும், மயக்க மருந்து கொடுக்கவும் அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும். ட்யூட்டியில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அதைக் கேட்டால் எங்கள் துறைக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்வி, ஸ்பெஷலிஸ்ட் எத்தனை நிமிடத்தில் வருவார்? சின்ன நர்ஸிங் ஹோம்களில் மயக்க மருந்து நிபுணர் அங்கேயே தங்குவதில்லை. கூப்பிட்டால் வருவார். எங்கிருந்து வருவார்? ஓசூருக்குள்ளிருந்தா, பெங்களூரிலிருந்தா?

மூன்றாவது கேள்வி, ரத்தம் எங்கே இருக்கிறது? பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்து அறிகுறி. கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்திலேயே தாயின் உயிரைக் குடித்துவிடக் கூடியது அந்த ரத்தப்போக்கு. "ரத்தம் வேண்டுமென்றால் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரியிலும் கிடைக்குமா?" என்று எட்டாம் மாசத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை டாக்டரைப் பற்றியும் இதே கேள்விதான்.

ஆபரேஷன் என்றால் இன்னும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்தப் பக்கம் ஆபரேஷன், என்ன மருந்து ஒவ்வாது, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் 19 விஷயங்கள் அதில் உண்டு. புதுதில்லி உட்பட 8 நகரங்களில் நடந்த சோதனையில் சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. இந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்களா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

அனுப்புவது குற்றமல்ல

"எங்களால் முடியாது, பெங்களூருக்குக் கொண்டு போங்கள்" என்று சொன்னாலே அது மட்டமான ஆஸ்பத்திரி என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. தன் எல்லை தெரிந்த ஆஸ்பத்திரிதான் நல்ல ஆஸ்பத்திரி. எப்போது அனுப்புகிறார்கள், எப்படி அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். அங்கே போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய கல்லூரிகளில் இதுவும் ஒன்று. தூரம் குறைவுதான், ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் மாட்டினால் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

நெஞ்சுவலி என்றால், உள்ளே நுழைந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெரிய அடைப்பு என்று தெரிந்து, ஆஞ்சியோ வசதி உள்ள இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்க வழி இல்லையென்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் பொதுவான மருத்துவ நெறி. வாய் கோணி, கை கால் விழுந்தால் ஸ்கேன் எடுத்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். அதனால் பக்கவாதத்துக்கு ஸ்கேன் வசதி இல்லாத நர்ஸிங் ஹோமில் இறங்கிவிட்டுப் போவது நேரத்தை விரயமாக்குவதாகும். தளி, அஞ்செட்டிப் பக்கத்து விவசாயிகள் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தும், செயற்கை சுவாசக் கருவியும் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நன்றாக அனுப்பும் இடம் என்ன செய்யும்? போகும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்கும். கொடுத்த மருந்து, நேரம் எல்லாம் எழுதிக் கடிதம் தரும். ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனும் ஒரு நர்ஸும் கூட வருவார்கள். இவை இல்லாமல் வாசலில் ஏற்றிவிட்டால் அதற்குப் பெயர் அனுப்புவது அல்ல, கைகழுவுவது.

இரண்டு மாநிலம், இரண்டு சட்டம்

எல்லையில் வாழ்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நர்ஸிங் ஹோம்கள் 1997-ஆம் வருடத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். அதன் விதிகள் 2018-ல் வந்தன. மாவட்டத்தில் இதைப் பார்ப்பவர் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அந்தப் பக்கம் 2007-ஆம் வருடத்துக் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் நடக்கிறது. இந்தச் சட்டங்களின் கீழ் புகார் என்று வந்தால் ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாலை விபத்துக்குத் தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு உதவி உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்களும் அதில் அடக்கம். ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். பெங்களூர் ஹைவே ஓரத்தில் எது சேர்ந்திருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். எந்தத் திட்டத்தில் இல்லாவிட்டாலும் அவசர முதலுதவியை எந்த டாக்டரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. "போலீஸ் கேஸ், முடியாது" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ, இ.எஸ்.ஐ. அட்டையோ வைத்திருப்பவர்கள் "அட்டை எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்களுடைய இந்தச் சிகிச்சைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்க வேண்டும்.

சதவீதக் கணக்கு

"எங்களிடம் 99 சதவீதம் வெற்றி" என்று நோட்டீஸ் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். நர்ஸ் தொழிலுக்கே மரியாதை தேடித் தந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1863-ல் வெளியிட்ட நூலில், லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் சாவு 90 சதவீதத்துக்கும் மேல் என்று ஒரு கணக்கு வந்தது. ஒரு வருஷம் முழுக்க இறந்தவர்களை, ஒரே ஒரு நாள் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது! அப்போதே டாக்டர்கள் எதிர்த்தார்கள். அவ்வளவு பெரியவருடைய நூலிலேயே அப்படி என்றால், நோட்டீஸ் கணக்கை என்ன சொல்ல? கஷ்டமான கேஸ்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடத்தில் சாவு குறைவாகத்தான் இருக்கும். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் அரசு ஆஸ்பத்திரியில் அதிகமாகத்தான் தெரியும்.

என்.ஏ.பி.எச். சான்றிதழ் இருந்தால் நல்லது. வெளியாட்கள் வந்து சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அதில் ஆரம்ப நிலையும் உண்டு, முழு நிலையும் உண்டு. எது, எந்தத் தேதி வரை என்று பார்க்க வேண்டும்.

காகிதமும் கையெழுத்தும்

நம் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எல்லாம் பேசுகிறார்கள். ஆபரேஷன் சம்மதக் கடிதமோ இங்கிலீஷில் இருக்கிறது. புரிகிற மொழியில் யாராவது சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வேறு வழி என்ன இருக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் உட்கார்ந்து சொல்வார்.

2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் நெறிமுறைப்படி, சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமை சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. மருந்தை வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் அதில் ஒன்று. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமாக வையுங்கள்.

நம் பங்கு

நான்கு கூறில் நோயாளியும் ஒன்று அல்லவா? நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை ஆஸ்பத்திரியில் மறைக்கிறார்கள். "டாக்டர் திட்டுவார்" என்ற பயம்தான். தயவுசெய்து மறைக்காதீர்கள். பற்பம், செந்தூரம், லேகியம், சூரணம் எதுவானாலும் பெயரைச் சொல்லுங்கள், டப்பாவையே கொண்டு போங்கள். சில மருந்துகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம், சில சர்க்கரையைக் குறைக்கலாம், சில மயக்க மருந்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். நான் கொடுத்த மருந்தாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

வெட்டி வைத்துக்கொள்ள

1. இந்த ஷிப்டில் பதிவு பெற்ற நர்ஸ் எத்தனை பேர்?
2. ராத்திரி ட்யூட்டி டாக்டர் என்ன படித்தவர்?
3. ஸ்பெஷலிஸ்ட், மயக்க மருந்து நிபுணர் எத்தனை நிமிடத்தில் வருவார்கள்?
4. ரத்தம் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்?
5. ராத்திரியில் லேப், ஸ்கேன், மருந்துக்கடை உண்டா?
6. அனுப்புவதாக இருந்தால் எங்கே, எந்த ஆம்புலன்ஸில், கூட யார்?
7. கரண்ட் போனால் ஜெனரேட்டர், கூடுதல் ஆக்ஸிஜன் இருக்கிறதா?
8. எங்கள் அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா?
9. மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா?
10. பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது?

இரண்டு மூன்று நர்ஸிங் ஹோம்களில் இதே பத்துக் கேள்விகளைக் கேட்டு, பதிலை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். வலி வந்த பிறகு ஒப்பிட முடியாது. அப்போது ஆட்டோக்காரர் நிறுத்துகிற இடம்தான் ஆஸ்பத்திரி. செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஒரு நாள் உள்ளே போய் விசாரியுங்கள். கவுன்டரில் யாராவது விழித்திருக்கிறார்களா, கூப்பிட்டால் நர்ஸ் வருகிறாரா, கேட்டால் முகம் கொடுத்துப் பதில் சொல்கிறார்களா? அந்த ஐந்து நிமிடத்திலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.